ஹாலில் தமயந்தி

சீனி போடலாமா என்று கேட்க வேண்டும். கேட்பதற்கு முன்னால் ஏதாவது சொல்லிக் கூப்பிட வேண்டுமே, அதில்தான் நிற்கிறேன். ஏங்க என்றால் பஸ்ஸில் தள்ளி உட்காரச் சொல்கிற மாதிரி இருக்கும். போலீஸ்காரர்களுக்கு இந்தக் கஷ்டமே இருந்ததில்லை. திலீபன் அம்மா இந்தப் பக்கம், செண்பகவல்லி அம்மா அந்தப் பக்கம் என்று செத்துப்போன பிள்ளைகளின் பெயரை எங்கள் மேல் ஒட்டி ஆளுக்கொரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அதை நான் என் வாயால் திரும்பச் சொல்ல முடியாது. பெயர் சொல்லலாம் என்றால், தமயந்தி என்று கூப்பிட நானும் அவளும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்களா என்ன. அவள் மகனும் என் மகளும் மலை மேல் ஒரு டென்ட்டுக்குள் வெட்டுப்பட்டுக் கிடந்து நான்கு வருஷம் ஆகிறது. அதற்குள் அவளை ஐந்தாறு தடவை பார்த்திருப்பேன், பிணவறை வாசலில், ஸ்டேஷனில், எஸ்.பி. ஆபீஸ் வேப்பமரத்தடியில். ஒரு தடவைகூட எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இன்றைக்கு மதுரையிலிருந்து பஸ் ஏறி, கோவில்பட்டியில் இறங்கி, யாரிடமோ வழி கேட்டு, ஒரு போன்கூடப் பண்ணாமல் வந்து ஹாலில் உட்கார்ந்திருக்கிறாள். கதவைத் திறந்ததும் "இருக்கீங்களா" என்றாள். இல்லாமல் எங்கே போகப் போகிறேன். வாங்க, உக்காருங்க, காபி போடுறேன் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, என்ன விஷயம் என்று கேட்காமல் இங்கே அடுப்படிக்கு ஓடிவந்து நின்றுகொண்டேன். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. வெயிலில் வந்தவளுக்கு முதலில் ஒரு செம்பு தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று தெரியாதவள் இல்லை நான்.

காலையில் போட்ட டிகாஷன் ஒரு வாய்க்குத்தான் இருந்தது. புதிதாகத் தூள் போட்டு வெந்நீர் ஊற்றி பில்டரை மூடியாயிற்று, இனி அது இறங்குகிறபடிதான் இறங்கும். தட்டினால் சீக்கிரம் இறங்கும் என்று என் மகள் செம்பா ஸ்பூனால் தட்டிக்கொண்டே நிற்பாள், டொக் டொக் என்று, ஒரு நாளும் அது அவள் பேச்சைக் கேட்டதில்லை. எங்கள் ஊர் அம்மன் பெயரை அவளுக்கு வைத்தது அவள் அப்பா. வகுப்புக்கு நாலு செண்பகவல்லி இருக்கிற ஊரில் ஐந்தாவதாக ஒருத்தி எதற்கு என்று நான் சண்டை போட்டேன். அவளுக்கு ஏழு வயதாகும்போது அவர் போய்விட்டார், பெயரை மட்டும் விட்டுவிட்டுப் போனார், நான் அதைச் சுருக்கிச் செம்பா ஆக்கிக்கொண்டேன். பிணவறை வாசலில் இந்தத் தமயந்தி சுவரில் தலையை முட்டிக்கொண்டு "வல்லீ, வல்லீ" என்று கத்தினாள். யார் அந்த வல்லி, இவளுக்கு மகளும் உண்டோ, அவளும் செத்துவிட்டாளோ என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். என் மகளைத்தான் சொல்கிறாள் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பெயரின் முன்பாதி என்னிடம் இருந்தது, பின்பாதியை எடுத்து அவர்கள் வீட்டில் கூப்பிட்டிருக்கிறார்கள். எட்டு மாதம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல், மதுரையில் பாங்க் வேலைக்காகத் தங்கியிருந்த ஹாஸ்டலிலிருந்து அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருக்கிறாள். என்னிடம் போனில் "சாப்பிட்டேம்மா" என்பாள். என்ன சாப்பாடு என்றால் "ஹாஸ்டல் சாப்பாட்டை என்னன்னு சொல்ல" என்பாள். வயிறு நிறைய மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுப் பேசியிருக்கிறாள், எனக்கு அது குரலில் கேட்கவில்லை. அந்த எட்டு மாதம் எனக்கு வேண்டும். அவள் அங்கே எந்த இடத்தில் உட்கார்ந்தாள், யாரைப் பார்த்துச் சிரித்தாள், மறுசோறு கேட்டு வாங்கினாளா, கையைக் கழுவிவிட்டு என் வீட்டில் செய்கிற மாதிரி மற்றவர்கள் சேலையில் துடைத்தாளா. இதையெல்லாம் தெரிந்தவள் உலகத்தில் ஒருத்திதான், அவள் என் சோபாவில் மடியில் ஒரு பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கேட்டால் சொல்வாளா. எந்த முகத்தோடு கேட்பது.

அந்த சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டுத்தான் செம்பா டென்ட்டை நட்டாள். தீபாவளி லீவில் ஒரு பெரிய பையோடு வந்தாள், எனக்குத்தான் சேலை எடுத்திருக்கிறாள் என்று ஆசையாகப் பிரித்தால் மஞ்சள் நைலானும் மடக்குக் குச்சிகளும். பிரெண்ட்ஸோடு டூர் போகும்போது ஆகும் என்றாள். வீட்டுக்குள்ளே வீடா என்றேன். "உள்ள வந்து பாரும்மா, சும்மா வா." முட்டி போட்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து, சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு எப்படியோ நுழைந்துவிட்டேன். உள்ளே மத்தியான வெளிச்சம் முழுக்க மஞ்சளாக இருந்தது. அவள் முகம், என் கை, தட்டில் இருந்த முறுக்கு எல்லாம் மஞ்சள். புது பிளாஸ்டிக் வாசனை. மேலே பேன் சுற்றச் சுற்ற கூரை படபடத்தது. மெத்தையில் படுத்தாலே முதுகு வலிக்குது என்பாயே, இதற்குள் எப்படித் தூங்குவாய் என்றேன். "அங்க வேற மாதிரிம்மா. வெளியே குளிரும், உள்ள கதகதன்னு இருக்கும். பக்கத்துல தண்ணி சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும்." அங்கே உன்னோடு யார் இருப்பார்கள் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ. எனக்கு முட்டி வலி, இதிலிருந்து எப்படி வெளியே வருவது என்பதே கவலையாக இருந்தது. காலை நீட்டி உட்கார்ந்து முறுக்குத் தின்றோம். அவள் என் தோளில் சாய்ந்தாள். எண்ணெய் வைக்க விடாத, வளர்ந்த பெண்ணின் தலை, நல்ல கனமாக இருந்தது. அந்தக் கனம் எனக்கு வேண்டும், கொஞ்ச நேரத்துக்காவது வேண்டும். இப்போது அந்தத் தோளில் கை வைத்துப் பார்க்கிறேன், ஜாக்கெட் தையல்தான் தட்டுப்படுகிறது.

கேம்ப் என்றாள். அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் சிக்கிக்கொண்டது. கார்த்திகை மாதம், "அம்மா, வெள்ளிக்கிழமை கேம்ப் போறேன், மூங்கிலணைக்கு, மலை மேல டவர் கிடைக்காது, பயப்படாத" என்றாள். எனக்குத் தெரிந்த கேம்ப் ஒன்றுதான். அவள் அப்பா தாலுகா ஆபீஸில் இருந்தபோது மாதத்தில் பாதி நாள் கேம்ப் என்று ஆபீஸ் வேலையாக வெளியூர் போய்விடுவார், சார் இருக்காரா என்று வருகிறவர்களிடம் கேம்ப் போயிருக்காங்க என்று சொல்லிச் சொல்லி என் வாய் பழகியிருந்தது. அதே மாதிரி பாங்க்கில் என் மகளை வேலையாக அனுப்புகிறார்கள் என்று எனக்கு ஒரே பெருமை. டென்ட்டை ஹாலில் பார்த்திருந்தும் இரண்டையும் நான் சேர்த்து நினைக்கவில்லை. டென்ட்டுக்கு டூர் என்றாள், இதற்குக் கேம்ப் என்றாள், இரண்டும் வேறு என்று இருந்துவிட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் தம்பி பரமசிவம் வந்தான். "செம்பாவ பாங்க்ல கேம்ப் அனுப்புறாக தெரியுமா, மூங்கிலணைக்கு" என்று சொன்னேன். "மூங்கிலணையில என்ன பாங்க் இருக்கு?" என்றான். "மலைச்சனங்களுக்கு லோன் குடுப்பாக, எனக்கென்ன தெரியும்" என்றேன். அவன் டம்ளரைக் கீழே வைத்தான். செம்பாவை அவன் மகனுக்குக் கேட்டு வைத்திருந்தான். தாய்மாமன் வீடு, முறை இருக்கிறது, அவர் போன பிறகு எங்களைத் தூக்கி நிறுத்தியவன். மதுரையில் வேறு ஆளுகள் வீட்டுப் பையனோடு அவளைப் பைக்கில் பார்த்ததாக யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். அதை என்னிடம் அவன் சொல்லவில்லை. பிறகு ஸ்டேஷனில்தான் தெரிந்தது.

சனிக்கிழமை மலையில் மழை. மற்ற டென்ட்காரர்கள் இறங்கிவிட்டார்கள், இவர்கள் இரண்டு பேர் மட்டும் தங்கியிருக்கிறார்கள். மறுநாள் காலையில் பால் கொண்டு போனவன் பார்த்தான். போன் இருந்தது, பணம் இருந்தது, செம்பாவின் செயின்கூடக் கழுத்தில் இருந்தது. "மழை எல்லாத்தையும் கழுவிட்டுப் போயிருச்சும்மா" என்றார் இன்ஸ்பெக்டர், என்னமோ மழையைப் பிடித்து விசாரித்துவிட்ட மாதிரி. பேப்பரில் காதல் ஜோடி என்று போட்டார்கள். என் மகளை அந்தச் சொல்லுக்குள் என்னால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. குடித்துவிட்டுத் திரிகிற பையன்களைப் பிடித்தார்கள், மரம் கடத்துகிறவர்களைப் பிடித்தார்கள், டென்ட் போட இடம் விட்டவனைப் பிடித்தார்கள், எல்லாரையும் விட்டார்கள். மகள் போன இடத்தை யாரிடம் சொன்னீர்கள் என்று என்னிடம் கேட்டார்கள். தம்பியிடம் என்றேன், உள்ளது அதுதானே. அவனைக் கூட்டிப்போய் வைத்திருந்து அனுப்பினார்கள். அந்த ராத்திரி கம்பம் ஊரில் லாரிக்குத் திராட்சை லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன் என்று அவனும் சொன்னான், அவன் டிரைவரும் சொன்னான். கம்பத்திலிருந்து மூங்கிலணைக்கு ஒரு மலைப்பாதை உண்டு என்று இன்ஸ்பெக்டர் என்னிடம் சொன்னார், எதற்குச் சொன்னாரோ. வெளியே வந்தவன் "நீயே என்னையக் காட்டிக் குடுத்துட்டேல்லக்கா" என்றான், அதோடு இந்த வாசல் ஏறவில்லை. அவன் மடியில் உட்கார்த்தித்தான் செம்பாவுக்குக் காது குத்தியது. அவள் கத்திய கத்தில் அவனும் அழுதான், மீசையெல்லாம் மூக்குச்சளி, பந்தியில் எல்லாரும் கேலி செய்தார்கள். அந்தக் கை செய்யுமா. செய்யாது. செய்யாது என்று முடித்துவிட்டு அடுத்த பாத்திரத்தைக் கழுவ எடுத்தால் கம்பத்திலிருந்து அந்தப் பாதை ஏற ஆரம்பிக்கிறது. நான்கு வருஷமாக அது ஏறிக்கொண்டே இருக்கிறது, ஒரு நாளும் மூங்கிலணைக்குப் போய்ச் சேர்ந்ததில்லை, பாதியிலேயே நான் குழாயை மூடிவிடுகிறேன்.

யார் என்று தெரிந்திருந்தால் தமயந்தியும் நானும் அன்றைக்கே ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு அழுதிருப்போம். எவனோ வெளியாள் என்றால் இரண்டு பேரும் சேர்ந்து அவனை மண் வாரித் தூற்றியிருப்போம். தம்பி என்றே வைத்துக்கொண்டாலும் அவள் காலில் விழுந்திருப்பேன், அவள் எட்டி உதைத்திருப்பாள், அதுவும் ஒரு பேச்சுவார்த்தைதான். எதுவும் தெரியாததால் எதுவும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்தபடி அவள் என்னைப் பார்க்கும்போது என் முகத்தில் தம்பியின் சாடையைத் தேடுகிறாளோ என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்வேன். எனக்கும் தம்பிக்கும் சாடை ஒன்றுதான், மூக்கு அப்படியே. போன வாரம் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. புதிதாக வந்திருக்கிற அதிகாரி, மரியாதையாகத்தான் பேசினார், துப்பு எதுவும் கிடைக்கலம்மா, வழக்கை இப்போதைக்கு நிறுத்தி வைக்கிறோம் என்றார். அவளுக்கும் சொல்லியிருப்பார்கள். அதைக் கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறாள். உங்க தம்பி செய்தானா என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறாள். நான் தெரியாது என்பேன், அவள் நம்பமாட்டாள், பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிடுவாள், அவளோடு எட்டு மாதமும் இறங்கிப் போய்விடும். பாலை அடுப்பில் வைக்கிறேன். ஊற்றியதில் பாதி வெளியே.

"மதினி, காபியெல்லாம் எதுக்கு, சும்மா வந்து உக்காருங்களேன்."

யாரை. என்னைத்தான். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள். பெண்ணைப் பெற்றவளும் பிள்ளையைப் பெற்றவளும் ஒருத்தியை ஒருத்தி சம்பந்தி என்று நேரில் கூப்பிட்டுக்கொள்வதில்லை, மதினி என்பார்கள். பூ வைத்து, தட்டு மாற்றி, இரண்டு வீட்டிலும் கை நனைத்த பிறகு வருகிற சொல் அது. எங்களுக்குள் எந்தத் தட்டு மாறியது. எங்கள் வீட்டில் ஒரு பேச்சு கேட்காமல் வெள்ளிக்கிழமை பைக்கில் ஏற்றிக்கொண்டு போனான் அவள் மகன், அதற்குள் மதினியாம். யார் கொடுத்தார்கள் இவளுக்கு அந்த உரிமையை. கோபம் வருகிறது, நன்றாகத்தான் வருகிறது, ஆனால் தொண்டைக்கு மேலே வரமாட்டேன் என்கிறது. தம்பி பெண்டாட்டி என்னை அப்படிக் கூப்பிடுவாள். தெருமுனையிலிருந்தே மதினி மதினி என்று வருவாள், முதலில் எனக்கு எரிச்சலாக இருக்கும். அவள் கூப்பிட்டு நான்கு வருஷம் ஆயிற்று, இந்த வீட்டுக்குள் அந்தச் சொல் கேட்டே நான்கு வருஷம். என்னை இனிமேல் மதினி என்று கூப்பிட யாரும் இல்லை என்று இருந்துவிட்டேன். செம்பா இருந்து கல்யாணமும் நடந்திருந்தால் இதைத்தான் இவள் கூப்பிட்டிருப்பாள், நானும் ஊர்ப்பட்ட குறை சொல்லிக்கொண்டு, சீர்வரிசையில் முகம் தூக்கிக்கொண்டு, தீபாவளிக்குத் தீபாவளி என்ன மதினி இளைச்சுட்டீங்க என்று பொய்யாக விசாரித்துக்கொண்டு இருந்திருப்பேன். அந்தப் பொய் விசாரிப்புக்கு இப்படி ஏங்குவேன் என்று யார் கண்டது. பால் பொங்கிவிட்டது. அடுப்பெல்லாம் வழிந்து சூட்டில் தீய்கிறது, அணைக்க வேண்டும் என்று தெரிகிறது, கை போகவில்லை.

அணைத்தது அவள்தான். எப்போது எழுந்து வந்தாள் என்று தெரியவில்லை. என்னைத் தாண்டிக் கையை நீட்டி அடுப்பை அணைத்தாள், ஜன்னலில் கிடந்த கரித்துணியை எடுத்து, என் வீட்டு அடுப்பை என்னைக் கேட்காமல் துடைக்க ஆரம்பித்தாள். இனி நிற்க முடியாது, நானே கேட்டுவிட்டேன். "எந்தம்பியப் பத்திக் கேக்கத்தான வந்தீங்க?"

துடைத்துக்கொண்டே "இல்ல" என்றாள். துணியைத் தொட்டியில் அலசிப் பிழிந்தாள். "சந்தேகம் இருக்கான்னு கேட்டீங்கன்னா இருக்கு. உங்க தம்பி மேல இருக்கு, அந்த எடத்துக்காரன் மேல இருக்கு, எம்மகன்கூடச் சுத்துன பயலுக மேல இருக்கு. ஒரு நேரம் எங்க வீட்டுக்காரர் மேலயே வந்துருச்சு மதினி. அன்னைக்கி அவரு எங்க இருந்தாருன்னு அவர் தூங்குறப்ப ஒக்காந்து யோசிச்சேன்."

"எனக்கும் இருக்கு" என்றேன். "எந்தம்பி மேல." இதைச் சத்தமாக நான் சொன்னதே இல்லை. பாதை ஏறி முடிந்துவிடும் என்று பயந்திருந்தேன், ஒன்றும் ஆகவில்லை, அடுப்பில் பால் தீய்ந்த வாசனைதான் வந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். இந்த மூக்கையும்தான் பார்த்தாள், பார்த்துவிட்டுத் துணியை உதறிக் கம்பியில் போட்டாள்.

"கண்டுபிடிச்ச பெறகு வருவோம்னு இருந்தேன். யாருன்னு தெரிஞ்சிட்டா உங்க கூட ஒக்காந்து பேசலாம், இல்ல பேசாமலே விட்டுறலாம், ஏதோ ஒண்ணுன்னு இருந்தேன். போன வாரம் அந்தாளு போன்ல சொல்லிட்டாரு. இனிமே யாரும் கண்டுபிடிக்கப் போறதில்ல. எனக்குச் சுகர் இருக்கு, கண்ணும் மங்குது. எதுக்காகக் காத்திருக்கணும் சொல்லுங்க. எங்க வீட்டுல எல்லாரும் அவனப் பத்திப் பேசுவாங்க. வல்லியப் பத்தி நான் வாயத் தெறந்தா எந்திரிச்சுப் போயிருவாங்க, அடுத்த வீட்டுப் பிள்ளையாம். அவளப் பத்திப் பேச எனக்கு ஆளே இல்ல மதினி. சின்னதுல எப்படி இருப்பா? சேட்டை பண்ணுவாளா? எப்ப நடந்தா? எனக்கு ஒண்ணுமே தெரியாதே."

என்னிடம் கேட்கிறாள். நான்கு வருஷமாக அவளுடைய எட்டு மாதத்தை நினைத்து வயிறு எரிந்துகொண்டிருந்தவளிடம், அவள் வந்து கேட்கிறாள். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் என்னிடம் கிடக்கிறது, தவழ்ந்தது, அம்மை போட்டது, சைக்கிளோடு சாக்கடையில் விழுந்தது, பிளஸ் டூவில் பெயிலாகிவிட்டேன் என்று பொய் சொல்லி என்னை அழவைத்துவிட்டுச் சிரித்தது, ஒருத்தர்கூட வந்து கேட்டதில்லை, அது ஒருத்தருக்கு வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றியதும் இல்லை. உடனே சொல்லிவிடலாம், ஆனால் எனக்கும் என் குணம் போகுமா. "மொதல்ல நீங்க சொல்லுங்க" என்றேன். "எட்டு மாசந்தான. அது சீக்கிரம் முடிஞ்சிரும், பெறகு நான் சொல்றேன்."

"சீக்கிரம் முடியாது" என்றாள்.

"முடியலன்னா இங்கயே படுத்துக்கோங்க மதினி" என்றேன். வந்தேவிட்டது, அதை நானும் கவனித்தேன், அவளும் கவனித்தாள், இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அரிசி டின்னில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நானும் எதிரே, முட்டியைப் பிடித்துக்கொண்டு, சுவரில் முதுகை இழைத்தபடி உட்கார்ந்தேன். அவள் சொன்னாள். "மொத நா வந்தப்ப, செருப்பக் கழட்டி எங்க விடுறதுன்னு தெரியாம கையிலயே வச்சுக்கிட்டு வாசல்ல நின்னா."

என்ன கலர் செருப்பு என்று கேட்டேன்.